நின்று பூக்கிற செடி

கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். முப்பது பிரேமை மூக்கில் ஏற்றி இறக்கிவிட்டு "வேற காட்டுங்க" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்டிக்கொள்ள முடியாது. சிரித்த முகமாக முப்பத்தோராவதை எடுத்துக் கொடுப்பேன். ஒரு மூக்குக்கு ஒரு பிரேம் தேர்ந்தெடுக்கத் துப்பில்லாதவர்கள் எப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டார்களோ என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். அந்தப் பாவமெல்லாம் திரண்டு வந்து என்னை நர்சரியில் பிடித்தது. வாரத்தில் எனக்கு விடுமுறை வியாழன் ஒரு நாள்தான். மூன்று வியாழக்கிழமை நர்சரிக்குப் போயும், ஒரு பொட்டலம் ஜினியா விதையைத் தவிர எதையும் வாங்காமல் திரும்பினேன்.

நர்சரிக்காரருக்கு நான் வைத்த பெயர் குடைக்காரர். வெயிலில் வளர்கிற செடிகளை விற்கிற மனிதர், தான் மட்டும் கறுப்புக் குடையை விட்டு வெளியே வரமாட்டார். அந்தக் குடைக்குப் பின்னாலேயே நான் வெறுந்தலையோடு அலைந்தேன்.

"அக்கா, சீசன் செடி வேணுமா, நின்னு பூக்கிற செடி வேணுமா? மொதல்ல அதச் சொல்லிருங்க. எனக்குச் செருப்பு தேயுது."

"நின்னு பூக்கிறதுதான் வேணும்."

"அப்புறம் ஏன் போன வாரம் ஜினியா விதையோட போயிட்டீங்க?"

கை பழகிவிட்டது, அவ்வளவுதான். இருபத்து மூன்று வருஷத்தில் எட்டு வாடகை வீடு. வாடகை வீட்டுக்காரிக்குச் சீசன் செடிதான் லாயக்கு. விதை போட்டு இரண்டு மாதத்தில் பூ, இன்னும் இரண்டு மாதத்தில் அதன் கதை முடிந்துவிடும். ஓனர் காலி செய்யச் சொல்கிறபோது செடியும் ஏறக்குறைய காலியாகியிருக்கும். ஜினியா, காஸ்மோஸ், கோழிக்கொண்டை, காசித்தும்பை, வாடாமல்லி என்று எட்டு வீட்டிலும் இதே கூட்டம்தான். விதையைச் சேர்த்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவேன்.

ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டேன். ஐந்தாவது வீட்டில் ஒரு அடுக்குச் செம்பருத்தி வைத்தேன். நாலு வருஷத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டது. காலையில் பல் தேய்க்கும்போது எண்ணினால் பதினைந்து, இருபது பூ இருக்கும். அப்போது பார்த்து ஓனருடைய மகனுக்கு அந்த வீடு தேவைப்பட்டது. செடியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் கணவர் இரண்டு நாள் தோண்டினார். ஆணிவேர் உடைந்த சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது. சாமான் வண்டியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அதை நிற்க வைத்துக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வாளியில் இருந்துவிட்டு மொத்தமாகக் காய்ந்து போனது. அழுதேன். அழுதது மட்டும் இல்லை, இவரைப் பிடித்து வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னென்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

இப்போது இருப்பது சொந்த வீடு. வந்து பதினாலு மாதம் ஆகிறது. முன்பக்கம் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடியில் வெற்று நிலம். விற்றவர் அதில் லாரி நிறுத்திக்கொண்டிருந்தார். மேற்குப் பார்த்த இடம். பதினொரு மணிக்கு ஏறுகிற வெயில் ஆறு மணிக்குத்தான் விடும். போதாததற்கு எதிர்வீட்டு வெள்ளைச் சுவரும் தன் பங்கைத் திருப்பி அனுப்பும்.

நாலாவது வியாழக்கிழமை குடைக்காரர் என்னை விடவில்லை.

"எவ்வளவு நேரம் வெயில் விழும்?"

"ஆறு, ஏழு மணி நேரம். மத்தியான வெயில்."

"அப்போ கனகாம்பரத்து மேல கண்ணு வெக்காதீங்க. கருகிரும்."

"எனக்கு அதுதான் பிடிக்கும்."

"உங்களுக்குப் பிடிச்சா போதுமாக்கா? அதுக்கு உங்க வீட்டு வெயில் பிடிக்கணும்ல."

கடையில் இதே பாட்டைத்தான் நான் பாடுவேன். உங்களுக்குப் பிடிச்சா போதாது சார், மூக்குக்குப் பிடிக்கணும். வாயை மூடிக்கொண்டு அவர் காட்டியதை எடுத்தேன். பின்வரிசைக்கு இரண்டு அரளி, கேட் பக்கம் ஒரு காகிதப்பூ, நடுவில் மூன்று விருட்சி, முன்னால் மூன்று நித்தியகல்யாணி, ஜன்னலோரம் ஒரு மல்லிகை. பத்து ஆயிற்று. பதினோராவதாக ஒன்றை நானே எடுத்து வண்டியில் வைத்தேன். அடுக்குச் செம்பருத்தி, சிவப்பு.

"நல்ல செடிதான்," என்றார் குடைக்காரர். "சாயங்காலமா நடுங்க. இந்த வெயிலுக்கு வேர் சூடாகக் கூடாது. மண்ணு மேல எதையாவது மூடிப் போடுங்க. வைக்கோல், சருகு. ஒண்ணும் இல்லேன்னா அட்டைப்பெட்டியக் கிழிச்சுப் போட்டாக்கூடப் போதும்."

"எங்க வீட்ல ஏது அட்டைப்பெட்டி," என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

செடிகளை நட்டவர் என் கணவர். லிப்ட் மெக்கானிக். அவருக்கு ஞாயிறு விடுமுறை, எனக்கு அன்றுதான் கடையில் கூட்டம். "உனக்கு முதுகு வலி, நீ குனிய வேணாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்," என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேலையில் அவ்வளவு சுத்தம். எதைப் பூட்டினாலும் கழற்றுகிற வழியை யோசித்துவிட்டுத்தான் பூட்டுவார். வாடகை வீடுகளில் ஒரு சுவரிலும் ஆணி அடிக்காமல், ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டே துணிக்கொடி முதல் குழந்தைத் தொட்டில் வரை கட்டியவர். ராத்திரி நான் வந்து பார்த்தபோது பதினோரு செடியும் நூல் பிடித்த மாதிரி நின்றன. ஓரத்தில் மட்டும், பழக்கதோஷத்தில், நான் அடுத்த வியாழக்கிழமை ஜினியாவையும் வாடாமல்லியையும் தூவினேன்.

இதற்கு நடுவில் என் நாத்தனார் வந்தாள். இவருடைய ஒரே தங்கை. அவள் குடியிருக்கிற அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகப் போகிறதாம். சுற்றி மரமாம். பகலில்கூட விளக்குப் போட வேண்டுமாம், அதைப் பெருமையாகச் சொன்னாள்.

"இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு அங்க வந்துருங்கண்ணி. இந்த அனல்ல மனுஷன் இருப்பானா? மாசக் கடைசிக்குள்ள நான் அந்த ஓனருக்குச் சொல்லணும்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லவேண்டிய மனிதர், "பாக்கலாம்," என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்து மூன்று வருஷம் ஓனர்கள் சொல்லி எழுந்து போனோம். இப்போது சொந்த வீட்டில் இருந்து, யாரும் சொல்லாமல், நாமாக எழுந்து போவதா?

"செடி வெச்சிருக்கோம்," என்றேன்.

"செடியா? இந்த வெயில்ல கள்ளியே கண்ண மூடிரும்," என்று சிரித்தாள் அவள்.

தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. "இந்தச் செடிங்க பிடிக்கலேன்னா, நானே முதல் ஆளா சாமானக் கட்டறேன். போதுமா?" என்றேன். சொன்னதை இருவரும் கேட்டார்கள். இவர் மட்டும் ஏனோ வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றையிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் கண் செடிக்குத்தான் போகும். நட்ட மூன்றாவது வாரம் விருட்சி மூன்றும் மஞ்சளாயின. நாலாவது வாரம் மல்லிகை இலையை உதிர்த்துவிட்டு ஈர்க்குச்சியாக நின்றது. அரளி, அதுவும் அரளி, கழுதைகூட வாய் வைக்காத செடி, மதியமானால் தலையைத் தொங்கப்போட்டது. செம்பருத்தி ஒரு மொட்டு வைத்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அது விரியாமலே கீழே கிடந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி எனக்குக் கை விட்டுப்போனது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் சேறாக நின்றது, செடி மட்டும் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஓரத்தில் நான் சும்மா தூவிய ஜினியா முழங்கால் உயரம் வந்து மொட்டுக் கட்டிவிட்டது. வாடாமல்லி புதராக மண்டிக்கொண்டிருந்தது. ஒன்றையும் நான் கண்டுகொள்ளவில்லை, அவையும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நான்கு மாதத்தில் போகிற கூட்டம் குதியாட்டம் போடுகிறது, காலத்துக்கும் இருக்கவேண்டியது கண் முன்னால் போகிறது. நமக்கு என்று எழுதியது சீசன் செடிதான் போலிருக்கிறது என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக என் மேலேயே கோபப்பட்டேன். கடையில் ஒரு அம்மாள் இருபதாவது பிரேமைக் கேட்டபோது, "எதப் போட்டாலும் அதே முகம்தாம்மா," என்று சொல்லித் தொலைத்தேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

அடுத்த வியாழக்கிழமை குடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். செத்த செடியை விற்றதாகவே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கோபப்படாமல் குடையோடு என் வீட்டுக்கு வந்தார். அன்று இவர் மதிய ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார்.

குடைக்காரர் ஜினியாவைப் பார்த்தார், விருட்சியைப் பார்த்தார். "மண்ணு மேல குத்தம் இல்லக்கா. மண்ணு கெட்டிருந்தா இது இப்படி வளராது. வெயிலும் இல்ல, எல்லாம் வெயில் செடி. வேர் எறங்கல போலிருக்கு. ஒண்ணத் தோண்டிப் பாருங்களேன்."

"தோண்டாத, தோண்டாத," என்றார் இவர் அவசரமாக. "வேர் கலைஞ்சிரும். இன்னும் நாலு நாள் பாக்கலாம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற மாதிரி குடைக்காரர் பழியை எங்கள் மேல் போடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. "நட்டது யாரு தெரியுமா? லிப்டத் தூக்கி நிறுத்தற மனுஷன். ஒரு செடிய நடத் தெரியாதா?" என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தேன். இவர் அதற்கு முன்பே தண்ணீர்க் குழாயைச் சுருட்டுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும்போதும், "தோண்டிராத, என்ன?" என்றார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை அவர்.

அவர் தெரு முனை திரும்பியதும் நான் மண்வெட்டியை எடுத்தேன்.

செத்துப்போன விருட்சியின் பக்கத்தில் இரண்டு கொத்துதான் கொத்தினேன். மண்ணுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. நைலான் பட்டை. இவர்கள் லிப்டில் பாரம் தூக்கப் பயன்படுத்துகிற பட்டை. இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. இரண்டையும் பிடித்து இழுத்தேன். என் முதுகுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை, செடி அவ்வளவு லேசாக மேலே வந்தது. நர்சரியில் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒரு கிழிசல் இல்லாமல் இருந்தது. பையின் வாயை உள்பக்கம் மடித்து, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் போட்டு மூடியிருந்தது. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் மடிப்பில் வழுக்கி வெளியே சேறாகியிருக்கிறது. பைக்குள் மண் பொடிப்பொடியாக, ஈரமே இல்லாமல். வேர்கள் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி உருண்டை கட்டியிருந்தன.

அடுத்தது பார்த்தேன். அதற்கு அடுத்ததும். பதினொன்றுக்கும் பை, பதினொன்றுக்கும் பட்டை.

அன்று ஷிப்ட் முடிந்து ஓவர்டைம் என்று அவர் திரும்பியது மறுநாள் விடிந்துதான். வாசலில் செத்த மூன்று விருட்சியையும் மல்லிகையையும் பட்டையோடு வரிசையாக வைத்துவிட்டு நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்கு லீவு சொல்லியாயிற்று. வண்டியை நிறுத்தியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இது என்னங்க?"

"பட்டை."

"தெரியுது. எதுக்கு?"

"தூக்கறதுக்கு."

"எதுக்குத் தூக்கணும்?"

"போகும்போது."

"எங்க போகும்போது? இது நம்ம வீடு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இப்படிப் பண்ணுனீங்க? ஒரு மாசத்துக்கு மேல நான் தவிக்கிறேன். அந்த மனுஷன நான் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டு அனுப்புனேன். வீட்டுலதான இருந்தீங்க?"

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "பையிலதான் ஓட்டை இருக்கே, வேர் அது வழியா வந்துரும்னு நெனச்சேன். வரல. அப்புறம் சொல்ல வாய் வரல."

"நடும்போதே பையக் கிழிச்சிருக்கலாம்ல?"

"நீதான சொன்ன."

"நானா?"

"செம்பருத்தி செத்த அன்னிக்கு. 'இனிமே செடி வெச்சா, வேர் அறுபடாம தூக்கிட்டுப் போற மாதிரி வெச்சுக் குடுங்க. முடியலேன்னா செடின்னு என் முன்னால பேச்செடுக்காதீங்க'ன்னு சொன்ன. அன்னிக்கு நீ ரெண்டு வேளை சாப்பிடல." ஹெல்மெட் வாரைப் பூட்டிப் பூட்டிக் கழற்றினார். "நீ நர்சரியில இருந்து செம்பருத்தியோட வந்து நின்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. இன்னொரு தடவை அந்த வேர் ஒடையற சத்தம் வேணாம்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. பொய் சொல்வானேன், இன்னும் ஏறியது. பத்து வருஷத்துக்கு முன்னால் அழுகையில் சொன்னதை இப்படி எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுவார் என்று யார் கண்டது? கேஸ் சிலிண்டருக்குச் சொல்லச் சொன்னால் மறக்கிற மனிதர்.

"அது வாடகை வீடு. இங்க வந்து பதினாலு மாசம் ஆச்சு. இன்னும் உங்களுக்கு இது சொந்த வீடுன்னு மனசுல ஏறலியா?"

"எனக்கு ஏறல. சரி, உனக்கு?" என்றார். சத்தம் உயரவில்லை. "செவத்துல ஒரு ஆணி அடிச்சியா நீ? நம்ம கல்யாண போட்டோ இன்னும் பீரோ மேல சாஞ்சுதான நிக்குது? பரண்ல நாப்பத்தோரு அட்டைப்பெட்டி இருக்கு. அத மடிச்சு, கயிறு போட்டுக் கட்டி, கரையான் வராம மருந்து தெளிச்சு வெச்சது யாரு, நானா?"

நாற்பத்தொன்று என்று எண்ணிக்கை வரை தெரிந்து வைத்திருக்கிறார். நானே எண்ணி, நானே கட்டி வைத்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே செய்துவிட்டேன். குடைக்காரர் அட்டைப்பெட்டி என்று சொன்னபோது என் வாயில் பொய் எவ்வளவு வேகமாக வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. பட்டை மண்ணுக்கு அடியில் இருந்தது, பெட்டி பரணுக்கு மேலே இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, "கத்தரிக்கோல எடுத்துட்டு வாங்க," என்று அதட்டினேன்.

வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டியிருந்தது. உயிரோடு இருந்த ஏழையும் ஒவ்வொன்றாகப் பட்டையைப் பிடித்துத் தூக்கினோம். அவருடைய பட்டை அதற்காவது உதவியது. பையை நான் வெட்டினேன். சுற்றிக்கொண்டிருந்த வேரை அவர் விரலால் மெல்லப் பிரித்தார், ஒயரைப் பிரிக்கிற விரல். குழியில் தண்ணீர் விட்டு, வெறும் மண்ணில் இறக்கினோம். செம்பருத்தியைக் கடைசியாக வைத்திருந்தோம். பையைக் கிழித்தபோது ஒரு வேர் அறுந்தது. இரண்டு பேருமே நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். மெல்லிய வேர்தான், பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன்.

பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். கட்டுக் கட்டாகக் கீழே போட்டேன். "சமையல் சாமான்", "பாப்பா புஸ்தகம்", "உடையும், பாத்து" என்று ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து, ஒவ்வொரு வீடு மாறும்போதும் பழையதை அடித்து அடித்து எழுதியது. கிழித்துச் செடிகளைச் சுற்றிப் பரப்பினேன். தண்ணீர் பட்டதும் அட்டை ஊறி மண்ணோடு படிந்தது. இவர் ஒரு பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது டிவியோட சொந்தப் பெட்டி. வாரண்டிக்குக் கேப்பாங்க."

"வாரண்டி முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சுங்க."

பெட்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக வெட்டி, செம்பருத்தியைச் சுற்றி வைத்து அழுத்தினார்.

பதினொரு மணி வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியபோது அவருடைய போன் அடித்தது. நாத்தனார். மாசக் கடைசி ஆகிவிட்டது, அந்த ஓனருக்கு என்ன சொல்ல என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது. ஏழில் எத்தனை பிழைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் நானே சாமானைக் கட்டுவதாகச் சொன்ன வாக்கும் அப்படியே இருந்தது. இவர் என்ன சொல்லப் போகிறார் என்று குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இவர் சேறான கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கீழே பரப்பியிருந்த அட்டைகளை ஒரு தடவை பார்த்தார்.

"வர முடியாதும்மா," என்றார். "சாமான் கட்டப் பெட்டி இல்ல."